டிவியில் சொல்லியாச்சு

ஜூன் 2, திங்கள்

விடியலிலிருந்து மழை. பஸ்ஸில் யாரோ மிதித்துக் குடைக்கம்பி முறிந்தது. டிவி ஸ்டேஷனுக்கு வந்ததும் நனைந்த சால்வையைப் பழைய மானிட்டர் மேல் காயப்போட்டேன். அந்த மானிட்டர் இப்போது அதற்கு மட்டும்தான் உதவுகிறது.

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து பிரதீப்பின் போன். நெட்வொர்க்கில் நிகழ்ச்சிப் பொறுப்பு அவருக்கு. என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனாலும் "பிலோமினா" என்று மொட்டையாகத்தான் கூப்பிடுவார். இரண்டு சேதி. ஒன்று: இந்த மாதக் கடைசியோடு எங்களுடைய மாலை அரைமணி நேரமும் கொழும்புக்குப் போகிறது. இனி ஹட்டனிலிருந்து ஒன்றும் ஒளிபரப்பாகாது. இரண்டு: ஆண்டு நிறைவுக்காக நிலையத்தின் வரலாற்றை நான் ஒரு நிகழ்ச்சியாகச் செய்து தர வேண்டும்.

"ஒரு மணித்தியாலமா சார்?"

"இல்ல இல்ல, அஞ்சு நிமிஷம். கொஞ்சம் எமோஷனலா இருந்தா நல்லம்."

வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களே, அது. ஆடு தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினேன்.

சிவாண்ணனிடம் சொன்னேன். சிவலிங்கம் என்று பெயர். கேமரா, வயர், லைட், ஜெனரேட்டர் எல்லாம் அவர்தான். தொடக்கத்திலிருந்து இங்கே மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர். "அஞ்சு நிமிஷமா? நம்ம முதலாளி மாலையோட நிக்கிறதுக்கே மூணு நிமிஷம் போயிரும்" என்றார். அப்புறம் ஏணியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார், டிஷ்ஷில் தண்ணீர் தேங்கியிருக்கிறதாம்.

வாங்க: குடை. மெழுகுவர்த்தி. வலது காலுக்குத் தைலம்.

ஜூன் 3, செவ்வாய்

மூடுபனி. எதிர்க் கடைப் பலகைகூடத் தெரியவில்லை.

வரலாறு எழுத உட்கார்ந்தேன். ஞாபகத்தில் வந்த ஒழுங்கில்:

- ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி அறை. ஒரு டிஷ், இரண்டு டெக், ஒரு மின்விசிறி. விசிறி எங்களுக்கில்லை, டெக்குக்கு. மு. (முதலாளி. முழுச்சொல்லும் எழுதக் கை வரவில்லை) தொடங்கியது கேபிள் வியாபாரம். டிவி நிலையம் ஆனது தற்செயல்.
- தற்செயல் இப்படி: கல்யாணக் கேமரா ஒன்றை இரவல் வாங்கிச் சிவாண்ணன் ஒரு தேர்த் திருவிழாவைப் பிடித்தார். இரவு அதைப் போட்டோம். மறுநாள் பஜாரில் ஜனங்கள் அவரை மறித்து, "எங்க லயத்துப் பக்கம் தேர் வந்தத ஏன் காட்டல?" என்று சண்டை.
- டர்பன்டைன் மரத்துக்கு மரம் வயர். குரங்கு தொங்கினால் மேல் லயங்களுக்கு, அந்த வரிசைவீடுகளுக்கு, படம் இல்லை.
- பெயர்ப்பலகையில் ஒரு நாகரிகமான பெயர். ஜனங்களுக்கு "பஜார் டிவி". கடைசிவரை அதுதான்.
- பிறந்தநாள் வாழ்த்து. நுவரெலியா மரக்கறி விலை. ஞாயிறு காலை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பாடம், கரும்பலகை லைட்டில் பளபளத்து ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைப் படம். மே தினத்தில் எந்தச் சங்கத்தின் கூட்டத்தை எத்தனை நிமிடம் காட்டினோம் என்று மறுநாள் கணக்குக் கேட்க வருவார்கள்.
- மாலை ஆறு மணிக்கு மரண அறிவித்தல். படித்தது நான்.

பிறகு நெட்வொர்க்கோடு சேர்ந்தோம். மு. லட்டு கொடுத்தார். அவர்களுடைய சின்னம் திரையில் பெரிதாக, எங்களுடையது மூலையில் சின்னதாக. அவர்களுடைய நாடகங்கள் வர வர எங்களுடையவை போயின. பிறந்தநாள் முதலில், பாடம் அடுத்து, மரக்கறி விலை அதற்கடுத்து. போன மாதம் மரண அறிவித்தலையும் எடுத்துக்கொண்டார்கள். சாவை ஒருமுகப்படுத்துகிறார்களாம்.

மத்தியானம் பழைய கசெட்டுகளைத் தேடினேன். புதுக் கசெட் வாங்கித் தராத காரணத்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து பதிந்து தேய்த்திருக்கிறோம். "தேர், முதலாவது" என்று சிவாண்ணன் கையெழுத்தில் இருந்ததைப் போட்டுப் பார்த்தால் மு.வின் மகள் கல்யாணம். ஐஸ்கிரீம் மேசை மட்டும் கால்மணி நேரம் ஓடுகிறது.

ஜூன் 4, புதன்

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது.

ம.அ. (மரண அறிவித்தல்) பற்றி வரலாற்றில் எழுத வேண்டும். வெளியாட்களுக்கு இது விளங்காது. "நல்லதுக்குச் சொன்னாத்தான் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும்" என்பது நம் ஆட்களுடைய முறை. சரி, சொல்லாமல் எப்படித் தெரியும்? அதுவும் பேச்சுவார்த்தை அறுந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினால் மானம் போகும், அனுப்பாவிட்டால் பாவம் வரும். டிவியில் போட்டுவிட்டால் சொன்னதாகவும் இல்லை, சொல்லாததாகவும் இல்லை. ஜென்மப் பகையாளி வந்து வாசலில் நின்று "டிவியில பாத்தேன்" என்பான். வழி விடுவார்கள். டிவியில் சொல்லியாச்சு என்றால் சொன்னது சொன்னதுதான். அதற்கப்புறமும் வராதவனை யாரும் மன்னிப்பதில்லை.

அதனால் நான் படிக்கும்போது கூப்பிடுகிற பெயரைச் சொல்வேன். எந்த லயம், யாருக்கு அண்ணன், யாருக்கு மாமன் என்று சொல்வேன். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயரைச் சொல்வேன். இங்கே எந்தத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர், துரைமார் வைத்தது ஒன்று, கொழுந்து எடுப்பவர்கள் வைத்தது ஒன்று. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

கொழும்பில் விதி வேறு. அடையாள அட்டையில் உள்ள பெயர், கம்பெனிப் பதிவில் உள்ள தோட்டம், அவ்வளவுதான். உறவுமுறை நீளமாம். போட்டோ அழகில்லையாம்.

ஆறு மணிக்கு நானும் சிவாண்ணனும் கண்ட்ரோல் ரூமில் ரொட்டியும் பிளேன்டீயுமாக உட்கார்ந்து கொழும்பு ம.அ. பார்த்தோம். வாசிக்கும் பெண் இருபத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டாள், மேக்கப் நன்றாக இருக்கிறது. தோட்டப் பெயர்களைப் படிக்கும்போதுதான் பல் உடைகிறது. "கிளிமாறன் தோட்டம், நான்காம் பிரிவைச் சேர்ந்த முத்தையா சந்திரசேகரம்" என்றாள். க்ளென்மாரன் என்று இருந்திருக்கும்.

"கிளிமாறனா? அது எந்த ஊரு பாண்டிய ராஜா?" என்றார் சிவாண்ணன்.

பிளேன்டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், யாரோ. ஒழுங்கா ஊர் பேரு சொல்ல ஆள் இல்லாம போய்ச் சேர்ந்துட்டான்" என்றார்.

ரொட்டிக்குக் கட்ட சம்பல் நன்றாக இருந்தது. நாளைக்கும் அதே கடை.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு மத்தியானம் கொஞ்சம் வெயில். சால்வை காய்ந்தது.

மு. வரலாற்று நிகழ்ச்சியில் யார் யாரைக் காட்ட வேண்டும் என்று பட்டியல் அனுப்பினார். அவர், அவர் அப்பா படம், அவர் மகன், பேரன். என் பெயரோ சிவாண்ணன் பெயரோ இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை, ஆனால் பேரன் போன வருஷம் பிறந்தவன்.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்:
"இப்ப டிவியில யாரு செத்தாங்கன்னே புரிய மாட்டேங்குது."
"செத்தவங்களுக்கே புரியாது போ."

ஜூன் 6, வெள்ளி

பக்கத்துத் தோட்டத்தில் கோயில் கொடியேற்றம். சிவாண்ணன் கருவறை வாசல்வரை போய்ப் படம் பிடித்தார், ஐயர் அவர் நெற்றியில் தாராளமாக விபூதி பூசிவிட்டார். நான் வேதக்காரி, வெளியே நின்று மைக் பிடித்தேன். பொங்கல் கொடுத்தார்கள். இதை ஒளிபரப்ப ஒன்றரை நிமிடம் தருவதாகப் பிரதீப் சொல்கிறார்.

ஜூன் 7, சனி

எழுத மனம் இல்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் சிவாண்ணன் பஜாரில் வயர் வாங்கப் போனார். மரக்கறி லொறிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னாங்க, இங்க நிக்கிறீங்க? அண்ணனை அடக்கம் பண்ணியாச்சே" என்றிருக்கிறார்.

மாடிப்படி ஏறி வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். வயர்ச்சுருள் தோளில் அப்படியே இருந்தது.

"மணியண்ணன் செத்துப்போச்சு, பிலோமினா. புதன்கிழமை. டிவியில சொன்னாங்களாம்."

நான் இல்லவே இல்லை என்றேன். "புதன்கிழமை நாம ரெண்டு பேரும்தானே பாத்தோம், மணின்னு யாரும் வரலையே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவருக்குப் படியேறும்போதே விளங்கியிருக்க வேண்டும்.

மணி என்பது கூப்பிடுகிற பெயர். அட்டையில் சந்திரசேகரம். அது சிவாண்ணனுக்குத் தெரியாததில்லை, ஆனால் பெற்ற தாய்கூட அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டது கிடையாது. அப்பா பெயர் முத்தையா, அது அண்ணன் அட்டையில் சரியாக இருக்கிறது. தம்பி அட்டையில் எவனோ ஒரு கிளார்க் முத்துசாமி என்று எழுதிவைத்து, அதையே எழுதி எழுதி இவருக்கு அப்பா பெயர் முத்துசாமியாகவே ஆகிவிட்டது. மணி கல்யாணம் கட்டிப் போன தோட்டம் ஆட்டுக்கல்லு. சின்னத் தோட்டம். எப்போதோ கம்பெனி அதைப் பெரிய தோட்டத்தோடு சேர்த்து, காகிதத்தில் க்ளென்மாரன் நான்காம் பிரிவு ஆக்கிவிட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்கே சம்பளச் சிட்டையில் மட்டும்தான் அந்தப் பெயர். க்ளென்மாரன் என்றால் எங்களுக்கெல்லாம் ஃபெக்டரி இருக்கிற அந்தப் பெரிய தோட்டம், ஆட்டுக்கல்லுக்கு எதிர் மலை.

இதில் கிளிமாறன் வேறு.

அண்ணன் தம்பிக்குள் சில வருஷமாகப் பேச்சில்லை. அண்ணன் ஒரு சங்கம், தம்பி வேறு சங்கம். ஒரு தேர்தலில் வாய் தடித்து, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சங்கத் தலைவர்கள் இரண்டு பேரும் இப்போது ஒரே மேடையில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், அதை நாங்களே படம் பிடித்துப் போட்டிருக்கிறோம்.

சிவாண்ணன் வயர்ச்சுருளைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, "தீட்டோட கோயிலுக்குள்ள போயிட்டேனே" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. சிவாண்ணனோடு ஆட்டுக்கல்லுக்குப் போனேன். த்ரீவீலர் பாதிவழியில் இழுக்கவில்லை, மிச்சம் நடை. அட்டை கடித்து இரண்டு காலிலும் இரத்தம்.

லயத்து வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தோட்டத் தலைவர், நாலைந்து ஆம்பிளைகள், பெஞ்சில். யாரும் எழுந்திருக்கவில்லை. மணியின் மனைவி லெச்சுமி அண்ணி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். அழவில்லை. அழுது தீர்ந்த முகம்.

"வா சின்னத்தம்பி. இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?"

கல்யாணமான நாளிலிருந்து கொழுந்தனை அவர் கூப்பிடுவது அப்படித்தான். நான்தான், "அவருக்குத் தெரியாதுங்க அண்ணி, பேரை மாத்திப் படிச்சிட்டாங்க" என்றேன்.

"டிவியில வேலை செய்ற ஆளுக்கு டிவியில வந்தது தெரியாதா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அண்ணி சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன்: "யாருக்கு போன் போடணுமோ அவங்களுக்கெல்லாம் போட்டோம். டிவியில போட்டது உனக்காக மட்டும்தான் சின்னத்தம்பி. பேச்சில்லாத வீடு, கூப்பிட்டா உனக்கும் ஒரு மாதிரி, எங்களுக்கும் ஒரு மாதிரி. டிவியில வந்தா அவனே வந்துருவான், அங்கதான இருக்கான்னு சொன்னேன். மறுநாள் மத்தியானம் எடுக்க வேண்டியத இருட்டுற வரைக்கும் வெச்சிருந்தோம். ரோட்டுல ஒவ்வொரு வண்டி சத்தத்துக்கும் இந்தப் புள்ள எந்திரிச்சுப் போய்ப் பாத்தான்."

இந்தப் பிள்ளை என்றது மகன் ரமேஷை. கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான். அவன் எங்களை ரோடுவரை கொண்டுவந்து விட்டான். மரியாதையான பையன். "சித்தப்பா, இருபத்திரண்டாம் தேதி கருமாதி. ஞாயித்துக்கிழமை வெச்சாத்தான் ஆளுகளுக்கு வேலை கெடாது. நீங்க வர வேணாம். தோட்டத்துல பேச்சாயிருச்சு" என்றான்.

ஒரு வாய்த் தேத்தண்ணி தரவில்லை. சாவு வீட்டில் அதை எதிர்பார்க்கக்கூடாது, ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வரும் வழியில் எனக்குள் ஒன்றுதான் ஓடியது. போனில் சொன்னால், நேரில் சொன்னால், காலில் விழுந்தால்கூட நம்ப மாட்டார்கள். டிவியில் வந்த பிழையை டிவியில் திருத்தினால்தான் எடுபடும். கருமாதிக்கு முன்னால்.

ஜூன் 9, திங்கள்

பிரதீப்புக்குப் போன். முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி பிலோமினா, இதுல பிழை எங்க இருக்கு? பெயர் சரி. எஸ்டேட் பெயர் சரி. உச்சரிப்பு கொஞ்சம் முன்னப்பின்ன. அதுக்கெல்லாம் திருத்தம் போட வெளிக்கிட்டா நாங்க வேற நிகழ்ச்சி போடேலாது."

"அவருக்கு அண்ணன் சார்."

"எனக்கு விளங்குது. வருத்தமான விஷயம்தான். அவங்க விருப்பம்னா நினைவஞ்சலி பெக்கேஜ் ஒண்டு இருக்கு, மியூசிக்கோட. ஃபமிலிய எடுக்கச் சொல்லுங்க."

பெக்கேஜ். நான் போனை மெதுவாக வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக எதையும் எறிந்து பழக்கமில்லை.

மு.விடமும் போனேன். கணக்குப்பிள்ளை மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "இங்கபாரும்மா. கொழும்புக்காரங்க இங்க ஒரு நிருபரை வெச்சுக்கிறதா இருக்காங்க. ஒரு ஆள்தான். உன்னச் சொல்லியிருக்கேன். இந்த நேரத்துல வாயைத் திறக்காத" என்றார். சிவாவுக்கு என்ன என்று கேட்டேன். "அவனுக்கென்ன, கைத்தொழில் இருக்கு" என்றார்.

மழை. தைலம் வாங்க இன்றும் மறந்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்

வரலாற்றுப் பிரதி அனுப்பினேன். மரண அறிவித்தலை மையமாக வைத்து, எத்தனை பிரிந்த குடும்பங்கள் அதனால் ஒரே பந்தலில் நின்றன என்று. நன்றாக வந்திருந்தது என்று எனக்கே தோன்றியது.

ஒரு மணி நேரத்தில் பிரதீப்பிடமிருந்து பதில்: சாவு வேண்டாம், கலகலப்பாக இருக்கட்டும். நான் எழுதியதில் நாலில் மூன்று பங்கை வெட்டி, அந்த இடத்தில் இறம்பொடை அருவியை ட்ரோனில் எடுத்த காட்சி. எங்கள் நிலையத்துக்கும் அந்த அருவிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாள் வயர் போட்டோமா, ஒருவரைப் பேட்டி கண்டோமா? தண்ணீர் மட்டும் நன்றாக விழுகிறது.

சிவாண்ணன் தாடி விட்டிருக்கிறார். தீட்டுக் காக்கிறாராம், பிந்தித் தெரிந்தாலும் தீட்டுத் தீட்டுதான் என்கிறார். டீக்கடையில் நான் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவன், "டிவிக்காரன், சொந்த அண்ணன் சாவுக்குப் போகாத ஆளு" என்றான். பக்கத்தில் இருந்தவன், "சங்கம் பெருசா, சொந்தம் பெருசா?" என்றான். எழுந்து அறைய வேண்டும் போல இருந்தது. வடைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

முடிவு செய்தேன். மாலை அரைமணி நேரம் இன்னும் இங்கிருந்துதான் நேரலை. என் வாயை யாரும் கட்டி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, வரலாற்று நிகழ்ச்சி போகிற அன்றே. ஊரெல்லாம் அன்றைக்குத்தான் பார்க்கும்.

சிவாண்ணனிடம் சொன்னதும், "வேணாம் பிலோமினா. அந்த ஒரு வேலையாவது உனக்குக் கிடைக்கட்டும்" என்றார்.

"கிளிமாறன் ராஜ்ஜியத்துல எனக்கு உத்தியோகம் வேணாம்ணே."

சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். முகம் செத்துவிட்டது. எனக்கு நாக்கில் சனி.

ஜூன் 20, வெள்ளி

காற்று. ஜெனரேட்டரில் ஓட்டினோம்.

வரலாறு ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. மு., மாலை, பேரன், அருவி. அது முடிந்ததும் செய்தி படிப்பதற்குப் பதில் இதைப் படித்தேன். மனப்பாடமாக இருந்தது:

"ஒரு திருத்தம். ஆட்டுக்கல்லுத் தோட்டம், கீழ் லயத்தில் இருந்த மணி அவர்கள் காலமான செய்தி இந்த நிலையத்தில் சொல்லப்பட்டபோது, சொந்தக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை. லெச்சுமியின் கணவர், ரமேஷின் அப்பா, நம் கேமராக்காரர் சிவாவின் கூடப்பிறந்த அண்ணன். தம்பிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராதது நிலையத்தின் பிழை. அவருடைய பிழை அல்ல. கருமாதி ஞாயிற்றுக்கிழமை. உற்றார் உறவினர் இதை அறிவித்தலாக ஏற்றுக்கொள்ள வேண்டும்."

கேமராவுக்குப் பின்னால் அவர் நின்றார். முகம் தெரியவில்லை. படம் ஆடவில்லை.

முடித்த கையோடு கொழும்பு எங்களைத் துண்டித்துவிட்டு சோப்பு விளம்பரம் போட்டது. போன் அடித்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பிரதீப். சரி சார் என்றேன். சால்வை, குவளை, செபமாலை, ஒரு பையில் அடங்கிவிட்டது எல்லாம். மானிட்டரைப் பார்த்து அழுகை வந்தது, அது எனக்கே வெட்கம்.

மாதக் கடைசிவரை என்று சொன்னதை இருபதாம் தேதியோடு முடித்துவைத்தது நான்தான். மு. அதை வரலாற்றில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் வெயில், ஆட்டுக்கல்லுக்குப் போய்ச் சேரும்போது மூடிக்கொண்டது.

பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளியே சிவாண்ணன் நின்றுவிட்டார். தோட்டத் தலைவர் தானாக எழுந்து வந்தார். "டிவியில பாத்தோம். வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பெஞ்சில் அன்றைக்குப் பேசியவரே நகர்ந்து இடம் விட்டார். ரமேஷ் மொட்டைத் தலையோடு வந்து சித்தப்பா காலில் விழுந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை போனது போகட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

சடங்கு முடிந்து பந்தி. எங்களுக்கு முதல் வரிசையில் இலை. அண்ணி தானே சோற்று வாளியோடு வந்தார். சிவாண்ணனுடைய இலைக்கு முன்னால் குனிந்து அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார், குற்றமாக அல்ல:

"அப்ப அன்னிக்கு ஆறு மணிக்கு நீ டிவி பாக்கலையா சின்னத்தம்பி? வேற எங்கயும் போயிருந்தியா?"

கரண்ட் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு தடவை போனதுதானே. பொய்கூட இல்லை.

"பாத்தேன் அண்ணி" என்றார் அவர்.

"பாத்தியா?"

"இவங்களும் நானும் பாத்தோம். அந்தப் புள்ள தோட்டத்துப் பேரைச் சொன்ன விதத்துக்கு நான் சிரிச்சேன்."

நிமிராமல் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பக்கத்து இலைகளில் கை நின்றுவிட்டது.

அண்ணி கேட்டார்: "அவரு பேரைக் கேட்டுமா?"

"பேரைக் கேட்டுத்தான். பாவம், யாரோன்னு சொன்னேன்."

ஏன் சொன்னார்? நான் அத்தனை பேர் முன்னால் டிவியில் கழுவிக் கொடுத்ததை ஏன் இந்த மனிதன் தானே எடுத்துப் பூசிக்கொண்டார்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது எழுதும்போதும் கோபம்தான்.

ரமேஷ் எங்களைப் பார்க்காமல் அடுத்த இலைக்குத் தண்ணீர் வைத்தான். பிறகு அண்ணி சோறு போட்டார். குறைத்தும் போடவில்லை, கூட்டியும் போடவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க, சிவலிங்கம்" என்றார்.